பக்கத்து ஊர்லயே சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு... ஆனா அதுல நோட்புக் திறக்கிறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். சொந்த ஊர் ஆண்டிமடம். வீட்டில் கொஞ்சம் முந்திரித் தோப்பு. வெளியூரில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் எம்.டெக் படிக்கிறார். ப்ராஜெக்ட்டுக்கு அவர் எடுத்த தலைப்பு, ஊரிலிருந்தே வந்தது. முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை, தளிரும் பூங்கொத்தும் கருகுவதற்கு முன்பே போன் கேமராவில் எடுத்த படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

மாமா தோப்பு, சித்தப்பா தோப்பு என்று அலைந்து சில ஆயிரம் படங்கள் எடுத்துவிட்டார். மாடலைப் பயிற்றுவிக்க வேண்டும். லேப்டாப்பில் ஓட்டினால் ஃபேன் சத்தம் மட்டும்தான் வருகிறது. கூகுள் கோலாபின் இலவசப் பதிப்பில் ஓட்டினால் பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. கைடு சொல்கிறார்: "நம்ம கேம்பஸ்லயே க்ளஸ்டர் இருக்கேம்மா, அக்கவுன்ட் வாங்கித் தரேன்."

அக்கவுன்ட் வருகிறது. உள்ளே போனால் ஒரு கறுப்புத் திரை, ஒரு கர்சர். அவ்வளவுதான். அவருக்குப் பழக்கமான நோட்புக் எங்கே? கட்டம் கட்டமாக கோடு எழுதி, ஒவ்வொன்றாக ஓட்டி, வரைபடத்தைக் கீழேயே பார்க்கும் அந்தப் பக்கம் எங்கே?

அதைக் கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து வரவழைக்க முடியும். எப்படி என்பதும், அதைச் செய்யும்போது அட்மின்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதும்தான் இந்தக் கட்டுரை. கேட்க டெக் விஷயம் மாதிரி இருக்கும். ஆனால், பொதுப் பணத்தில் வாங்கிய ஒரு பெரிய இயந்திரத்தை யார் பயன்படுத்துவது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி.

திருச்சியில் இருக்கும் 'பொருள்'

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மிக அருகில் இருக்கும் பெரிய கணினி, திருச்சி என்.ஐ.டி-யில் இருக்கிறது. பெயர் 'பரம் பொருள்'. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அமைக்கப்பட்டு, 2022 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். நம் கணக்கில் சொன்னால், ஒரு நொடிக்கு எட்டு கோடி கோடிக்கும் அதிகமான கணக்குகள். அமைத்துத் தந்தது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். மருத்துவம், வேளாண்மை, வானிலை, நிதிச் சேவை ஆகிய துறைகளின் ஆய்வுகளுக்கு உதவும் என்று அப்போது அறிவித்தார்கள். வேளாண்மை என்ற சொல்லை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(பெயரை யார் தேர்ந்தெடுத்தார்களோ, ரசனைக்காரர். பொருள் என்றால் செல்வம், அர்த்தம், பண்டம். மென்பொருள், வன்பொருள் இரண்டிலும் அதுவே இருக்கிறது.)

இந்த வரிசைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1980-களில் இந்தியா கேட்ட அளவு சக்தியுள்ள க்ரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்தது. அதன் பிறகு 1988-ல் சி-டாக் தொடங்கப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' வந்தது. 2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் வந்தவைதான் வாராணசியின் பரம் சிவாய், பெங்களூரின் பரம் பிரவேகா, திருச்சியின் பரம் பொருள் எல்லாம்.

அன்றைக்குப் பிரச்னை, இயந்திரமே கிடைக்காதது. இன்றைக்கு இயந்திரம் இருக்கிறது. அதன் வாசலில்தான் பிரச்னை.

க்ளஸ்டர்னா என்ன?

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் ஒரே ஒரு ராட்சசப் பெட்டியைக் கற்பனை செய்வோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான கணினிகள் அதிவேக கேபிளில் கோக்கப்பட்ட ஒரு கூட்டம். ஒவ்வொரு கணினிக்கும் பெயர் 'நோடு'.

இதில் இரண்டு வகை முக்கியம். நீங்கள் முதலில் நுழையும் இடம், லாகின் நோடு. அது வீட்டுத் திண்ணை மாதிரி. வந்தவர் எல்லாரும் உட்காரலாம், பேசலாம், ஃபைல் எடுத்து வைக்கலாம். அங்கே அடுப்பு பற்றவைக்கக் கூடாது. சமையல் நடக்கும் இடம் உள்ளே இருக்கும் கம்ப்யூட் நோடு. ஜிபியு இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

திண்ணையிலிருந்து உள்ளே போக, நேராக நடந்து போக முடியாது. நடுவில் ஒரு மேலாளர் இருக்கிறார். ஸ்லர்ம் என்ற மென்பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது; உலகின் பெரிய க்ளஸ்டர்கள் பலவற்றிலும், நம் பரம் கணினிகளிலும் வரிசையைப் பார்த்துக்கொள்வது இதுதான். "எனக்கு ஒரு ஜிபியு, நாலு கோர், இரண்டு மணி நேரம் வேணும்" என்று ஸ்லர்மிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இடம் காலியானதும் அது ஒதுக்கும்.

மாவு மில் கணக்கு

க்ளஸ்டரின் வழக்கமான வேலை முறைக்குப் பெயர் பேட்ச். ஊர் மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்குவாளியை வரிசையில் வைத்துவிட்டு, "அரைச்சு வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். சாயங்காலம் வந்தால் மாவு தயார். மில்லுக்கு இது ரொம்ப வசதி. இயந்திரம் ஒரு நிமிஷம் கூட சும்மா இருக்காது.

ஆனால் பதம் சரியில்லை என்றால்? சாயங்காலம்தான் தெரியும். மறுபடி மறுநாள் வரிசை.

நம் மாணவிக்கு நடப்பது இதுதான். படங்களின் ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. ஜாப் கொடுத்துவிட்டு ஆறு மணி நேரம் க்யூவில் காத்திருந்து, ஓடத் தொடங்கிய நான்காவது நொடியில் எரர் அடித்து நின்றுவிடுகிறது. திருத்தினால் மறுபடி க்யூ.

இன்டராக்டிவ் முறை என்பது மில் பக்கத்திலேயே நின்று, மாவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நைஸா" என்று சொல்வது. தவறு உடனே தெரியும், உடனே திருத்தலாம். மாடலின் கோடு இன்னும் உறுதியாகாத ஆரம்ப நாட்களில் இது இல்லாமல் வேலையே நகராது. ஆனால் நீங்கள் தொட்டுப் பார்த்து யோசிக்கும் நேரமெல்லாம் மில் சும்மா நிற்கிறது. பின்னால் வரிசை நீள்கிறது.

இந்த இழுபறி புதுசு இல்லை. 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த தாமஸ் கர்ட்ஸ், துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு எம்.ஐ.டி-யின் கணினிக்கு ரயிலேறிப் போவார். ஒரு அட்டையில் தவறு இருந்தால் அந்தப் பயணம் வீண். அவரும் ஜான் கெமனியும் சேர்ந்து, பல பேர் ஒரே நேரத்தில் ஒரு கணினியுடன் நேரடியாக உரையாடும் டைம்-ஷேரிங் முறையைக் கட்டினார்கள். கூடவே எளிமையான பேசிக் மொழி. 1964 மே 1 அதிகாலை நான்கு மணிக்கு அது முதன்முதலில் ஓடியது. அவர்கள் இதைக் கட்டியது விஞ்ஞானிகளுக்காக மட்டும் இல்லை. இலக்கியம், வரலாறு படிக்கும் மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பதே நோக்கம்.

நம் ஊரிலும் அட்டை யுகம் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி-க்கு 1973-ல் ஜெர்மன் அரசு உதவியில் ஐ.பி.எம் 370 வந்தபோது, அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு பிரிண்ட் அவுட்டுக்குக் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களிடம் ஸ்லர்ம் க்யூவைக் காட்டினால், அறிமுகமான முகமாகத்தான் தெரியும்.

ஜூபிட்டர் எங்கிருந்து வந்தது?

2001-ல் கொலராடோவில் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரஸ், தன் சொந்த வசதிக்காக ஐபைத்தான் என்ற கருவியை எழுதினார். அதிலிருந்து நோட்புக் வளர்ந்து, 2014-ல் ஜூபிட்டர் என்ற தனித் திட்டமானது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயர்களைக் கோத்த பெயர். வியாழனின் நிலவுகளை கலிலியோ குறித்து வைத்த நோட்டுப் புத்தகங்களுக்கும் ஒரு வணக்கம். ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்த லைகோ குழு, 2016-ல் தன் தரவைப் படிப்படியாக விளக்கும் நோட்புக்கையே வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

இன்று டேட்டா சயின்ஸ் படித்தவர் எல்லாரும் முதலில் தொட்டது இந்தப் பக்கத்தைத்தான். அவர்களைக் கறுப்புத் திரை முன் உட்கார வைத்து, "முதலில் லினக்ஸ் கற்றுக்கொள்" என்றால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். சீனியர்கள் சிலர் "கத்துக்கட்டுமே, நாங்க கத்துக்கலையா?" என்பார்கள். கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் பள்ளியிலேயே லினக்ஸ் பார்த்தவருக்கும், கல்லூரி வந்த பிறகு முதல் லேப்டாப் வாங்கியவருக்கும் அந்தத் திரை ஒரே அளவு கறுப்பாக இருக்காது.

சரி, க்ளஸ்டரில் நோட்புக் திறப்பது எப்படி?

ஒவ்வொரு நிறுவனத்திலும் விதிகள் மாறும். அடிப்படை வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் லாகின் நோடில் நுழைந்து, உங்களுக்கென்று ஒரு பைத்தான் சூழலை உருவாக்க வேண்டும். கோண்டா மூலம் செய்வது வழக்கம். க்ளஸ்டரில் நீங்கள் அட்மின் இல்லை. பொதுவாக இருக்கும் பைத்தானில் எதையும் நிறுவ முடியாது. உங்கள் ஃபோல்டருக்குள் தனிச் சமையலறை கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதை லாகின் நோடில் செய்வதற்குக் காரணம் உண்டு: பல க்ளஸ்டர்களில் உள்ளே இருக்கும் நோடுகளுக்கு இன்டர்நெட் கிடையாது. அங்கே போய் பேக்கேஜ் டவுன்லோட் செய்ய முயன்றால் கம்மென்று நிற்கும், காரணமும் சொல்லாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பைடார்ச் மாதிரி ஒரு நூலகத்தோடு சூழல் கட்டினால் பல ஜிபி இடமும், பல்லாயிரம் குட்டிக் குட்டி ஃபைல்களும் ஆகும். ஹோம் ஃபோல்டரின் கோட்டா சீக்கிரம் நிரம்பிவிடும். 'ஸ்க்ராட்ச்' என்ற பெரிய இடம் தனியாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கே பல நாள் தொடாத ஃபைல்களைத் தானாக அழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தீசிஸின் ஒரே பிரதியை அங்கே வைத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகாதீர்கள்.

அடுத்து, ஸ்லர்மிடம் இன்டராக்டிவ் ஒதுக்கீடு கேட்க வேண்டும். எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம். பயத்தில் நான்கு ஜிபியு, 24 மணி நேரம் என்று கேட்டால், அவ்வளவும் ஒரே நேரத்தில் காலியாகும் வரை க்யூவில்தான் கிடப்பீர்கள். ஒரு ஜிபியு, இரண்டு மணி நேரம் கேட்டால் இடுக்கில் செருகிவிடும். கூட்ட பஸ்ஸில் ஒற்றை ஆளுக்கு சீட் கிடைப்பது போல.

ஒதுக்கீடு கிடைத்ததும், அந்த கம்ப்யூட் நோடில் ஜூபிட்டர் லேபைத் தொடங்குங்கள். அது ஒரு போர்ட் எண்ணில், அதாவது ஒரு கதவு எண்ணில், காத்திருக்கும். வழக்கமான எண் 8888. எல்லாரும் அதையே பயன்படுத்துவதால் அது ஏற்கெனவே பிடிபட்டிருக்கலாம். வேறு எண் தேர்ந்தெடுப்பது நல்லது. தொடங்கியதும் டோக்கன் ஒன்று திரையில் வரும், நீளமான எழுத்துச் சரம். அதுதான் சாவி.

இப்போதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஜூபிட்டர் உள்ளே ஓடுகிறது. உங்கள் பிரவுசரோ ஹாஸ்டல் அறையில் இருக்கிறது. கம்ப்யூட் நோடை வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. அதனால் லேப்டாப்பிலிருந்து லாகின் நோடு வழியாக, அந்த கம்ப்யூட் நோடின் கதவு வரை எஸ்எஸ்எச் மூலம் ஒரு சுரங்கம் போட வேண்டும். லேப்டாப்பில் இன்னொரு டெர்மினல் திறந்து இதைச் செய்ய வேண்டும், க்ளஸ்டருக்குள் இருந்து அல்ல. சுரங்கம் போட்டதும், பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அந்தப் போர்ட் எண்ணோடு தட்டினால், தன் லேப்டாப்பிலேயே ஓடுவது போல நோட்புக் திறக்கும். முதல் முறை அது திறக்கும்போது வரும் சந்தோஷம் தனி.

திறந்த பிறகும் ஒரு சில்லறைத் தொல்லை. "இந்த மாட்யூல் இல்லை" என்று எரர் வரும். நிறுவிய ஞாபகம் நன்றாக இருக்கும். நோட்புக்கின் பின்னால் ஓடும் கெர்னல் வேறு பைத்தானைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் கட்டிய சூழலை ஒரு கெர்னலாகப் பதிவு செய்துவிட்டு, மேலே வலது மூலையில் அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

கடைசிப் படி, எல்லாரும் மறப்பது. பிரவுசர் டேபை மூடினால் ஜாப் முடிந்துவிடாது. லேப்டாப்பை மூடினாலும் ஒதுக்கீடு உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லர்மில் ஜாபை ரத்து செய்தால்தான் அடுத்தவருக்குப் போகும்.

அட்மின் ஏன் கோபப்படுகிறார்?

என் கல்லூரியில் வீடியோ எடிட்டிங்குக்கு நல்ல மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து, மானிட்டரில் 'தொடாதே, ரெண்டர் ஓடுது' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். காலையில் பார்த்தால் ரெண்டர் ராத்திரி பத்து மணிக்கே முடிந்திருக்கும். அந்தச் சீட்டை நானும் ஒட்டியிருக்கிறேன். க்ளஸ்டரில் திறந்து கிடக்கும் நோட்புக் அதேதான்.

ஒரு கணக்கு போடலாம். மத்திய அரசின் இந்தியா ஏஐ திட்டத்தில், மானியத்துக்குப் பின் ஒரு ஜிபியுவின் வாடகை மணிக்கு சுமார் 65 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. மானியத்தோடு வரும் இந்த மலிவு விலையையே வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு நோட்புக்கைத் திறந்து வைத்துவிட்டு, மெஸ்ஸுக்குப் போய், தூங்கி, காலை ஒன்பதுக்கு வந்தால் 14 மணி நேரம். 910 ரூபாய். ஒரு ஆள், ஒரு ராத்திரி. இருபது பேர் ஒரு மாதம் இப்படிச் செய்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். கல்லூரி க்ளஸ்டரில் இதற்கு பில் வராது என்பதால் யாருக்கும் வலிக்காது. வலி க்யூவில் நிற்பவருக்கு.

இதைவிட மோசம், ஒதுக்கீடு கேட்காமல் லாகின் நோடிலேயே நோட்புக் ஓட்டுவது. திண்ணையில் அடுப்பு. ஒருவர் மொத்த மெமரியையும் பிடித்துக்கொண்டால் மற்றவர்களால் நுழையவே முடியாது. அட்மின் உங்கள் ஜாபைச் சொல்லாமல் கொல்வார். அவர் செய்வதுதான் நியாயம்.

பாதுகாப்பும் இருக்கிறது. நோட்புக் என்பது கோடு ஓட்டும் ஒரு கதவு. டோக்கன் தொல்லை என்று அதை அணைத்துவிட்டு ஓட்டினால், அதே க்ளஸ்டரில் இருக்கும் வேறு எந்தப் பயனரும் அந்தக் கதவு வழியாக உங்கள் பெயரில் எதையும் செய்யலாம்: ஃபைலைப் படிக்கலாம், அழிக்கலாம். பகிர்ந்த கணினியில் 'லோக்கல்' என்பது உங்களுக்கு மட்டும் என்று அர்த்தமில்லை. 2020 மே மாதம் பிரிட்டனின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை அவசரமாக மூட வேண்டி வந்தது. திருடப்பட்ட எஸ்எஸ்எச் கணக்குகள் வழியாகப் புகுந்திருந்தார்கள். சில இடங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருளும் சிக்கியது. ஒரு மாணவரின் கணக்கு போதும், மொத்த வீடும் திறந்துவிடும். பாஸ்வேர்டை நண்பருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

நோட்புக்கிலேயே ஒரு குறையும் உண்டு. கட்டங்களை முன்னும் பின்னுமாக ஓட்டுவதால், இன்று வந்த விடை நாளை வராமல் போகலாம். கிட்ஹப்பில் இருந்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைச் சேகரித்த ஒரு ஆய்வு 2019-ல் வந்தது. ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் முடிந்தவை 24 சதவீதம். பழைய விடையையே மறுபடி தந்தவை வெறும் 4 சதவீதம். அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு நடுவழி சொல்வார்கள்: சின்ன மாதிரித் தரவை வைத்து நோட்புக்கில் கோடைச் சரிபாருங்கள், பதம் வந்ததும் அதை ஸ்கிரிப்டாக மாற்றி பேட்ச் ஜாபாகக் கொடுங்கள். நம் மாணவி நூறு படத்தில் நோட்புக்கில் முயன்றுவிட்டு, மொத்தப் படங்களை ராத்திரி க்யூவில் விடலாம். ஃபோல்டர் பெயர் பிழையெல்லாம் நூறு படத்திலேயே தெரிந்துவிடும்.

தீர்வு இருக்கு, இலவசமாகவே இருக்கு

சுரங்கம், போர்ட், டோக்கன் எல்லாவற்றையும் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. ஜூபிட்டர்ஹப் என்று ஒன்று இருக்கிறது. நிறுவனம் ஒரு முறை நிறுவினால், மாணவர் பிரவுசரில் லாகின் செய்து, "ஒரு ஜிபியு, இரண்டு மணி நேரம்" என்று தேர்ந்தெடுத்தால் போதும். பின்னணியில் ஸ்லர்முக்குச் சீட்டு எழுதுவது, சுரங்கம் போடுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் அறிமுக வகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படித்தான் நோட்புக் திறக்கிறார்கள். ஓஹையோ சூப்பர் கம்ப்யூட்டர் மையம் உருவாக்கிய ஓபன் ஆன்டிமாண்ட் இன்னும் ஒரு படி மேல். நோட்புக், ஆர் ஸ்டுடியோ, ஃபைல் அப்லோட், க்யூ நிலவரம் எல்லாம் ஒரே பக்கத்தில். இரண்டும் ஓபன் சோர்ஸ்.

அட்மினின் கவலைக்கும் இதில் பதில் உண்டு. குறிப்பிட்ட நேரம் அசைவில்லாத நோட்புக்கைத் தானாக மூடும் வசதி. இன்டராக்டிவ் வேலைக்கென்று சில நோடுகளை ஒதுக்கி, அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடையாது என்ற விதி. என்விடியா ஏ100 மாதிரி ஜிபியுவாக இருந்தால், ஒன்றை ஏழு துண்டு வரை பிரித்து ஏழு பேருக்குக் கொடுக்கலாம். கோடு எழுதிப் பழகுபவருக்கு ஒரு துண்டே அதிகம்.

என் கருத்து: க்ளஸ்டர் வைத்திருக்கும் நிறுவனம் இதைச் செய்யவில்லை என்றால், "மாணவர்கள் லாகின் நோடைக் கெடுக்கிறார்கள்" என்று புலம்பும் உரிமை அதற்குக் குறைவு. முறையான வாசல் இல்லாத இடத்தில் ஆட்கள் ஜன்னல் ஏறிக் குதிக்கத்தான் செய்வார்கள். மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் அதை நிறுவி, புதுப்பித்து, நள்ளிரவில் விழுந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். இயந்திரம் வாங்க டெண்டர் விடுவது சுலபம்; அந்த ஆளுக்கு நிரந்தரச் சம்பளம் போடுவதுதான் நம் ஊரில் நடக்காத காரியம்.

வெளியே நிற்பவர்கள்

இதுவரை பேசியது, க்ளஸ்டர் உள்ள கேம்பஸில் இடம் கிடைத்த மாணவியைப் பற்றி. அரியலூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் தனியார் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிப்பவருக்கும் இதே முந்திரி யோசனை வரலாம். அவருக்கு என்ன வழி?

ஒன்று, சி-டாக் கல்லூரிகளுக்கென்று தயாரிக்கும் பரம் ஷாவக் என்ற மேசைக்கடியில் வைக்கும் குட்டி இயந்திரம். உங்கள் கல்லூரி வாங்கியிருந்தால், அது எந்த லேபில் இருக்கிறது, எத்தனை பேருக்கு அக்கவுன்ட் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றை இயந்திரத்திலும் ஜூபிட்டர்ஹப் ஓடும். இன்னொன்று, இந்தியா ஏஐ திட்டம். 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்த திட்டம். 38,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்கள் சேர்க்கப்பட்டிருப்பதாக அரசு சொல்கிறது. மாணவர்களும் ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்றாவது, க்ளஸ்டர் உள்ள நிறுவனத்தின் பேராசிரியர் ஒருவரோடு கூட்டு ஆய்வு. பல இடங்களில் வெளியாட்களுக்குக் கதவு திறப்பது இப்படித்தான். அறிமுகம் இல்லாதவருக்கு இது எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை.

பிரவுசர் வழி வாசல் இங்கேதான் நிஜமாகவே முக்கியமாகிறது. பிரவுசர் திறக்கிற எந்த லேப்டாப்பும் போதும். கனமான வேலை முழுக்க உள்ளே நடக்கும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் தருவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அந்த லேப்டாப்பில் மாடலைப் பயிற்றுவிக்க முடியாது, ஆனால் க்ளஸ்டரின் கதவைத் தட்ட தாராளமாகப் போதும். லேப்டாப் மாநில அரசுடையது, சூப்பர் கம்ப்யூட்டர் மத்திய அரசுடையது. இரண்டையும் இணைக்கும் அந்த லாகின் பக்கம் யாருடைய வேலை?

நம் மாணவிக்கு இதில் ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. முந்திரி பூப்பது பொங்கலை ஒட்டிய வாரங்களில். பூங்கொத்து கருகும் படத்தை அப்போதுதான் எடுக்க முடியும். கோடை பிறந்தால் காய் பறித்துவிடுவார்கள். படம் கையில் வந்து, லேபிள் போட்டு முடிக்கும்போது மார்ச் ஆகிவிடும். தீசிஸ் சமர்ப்பிக்கும் சீசனும் அதுதான்; கேம்பஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜிபியு கேட்பார்கள், க்யூ நாள்கணக்கில் நீளும். அந்த வாரங்களில் யாரோ ஒருவர் மூட மறந்த நோட்புக் ஒன்றுக்குப் பின்னால், ஒரு வருஷத்துப் பூவின் படங்கள் காத்திருக்கும்.